சுபாவமா, சோர்வா?

“அவரு எப்பவுமே இப்படித்தாங்க டாக்டர். அதிகம் பேச மாட்டாரு, சிரிக்க மாட்டாரு.”

கணவரை அழைத்து வந்திருந்த அம்மா சொன்னது இது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான அவர், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். “பேப்பர் படிப்பாரா?” என்று கேட்டேன். “முன்னெல்லாம் காபி ஆறுறதுக்குள்ள விளம்பரம்கூட விடாம படிச்சிடுவாரு. இப்ப ஒரு மாசமா மடிச்சது மடிச்சபடி கிடக்கு.”

பேசாதது அவருடைய சுபாவம். பேப்பரைத் தொடாதது நோயின் அறிகுறி. வீட்டார் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நம் மனநிலை இயல்பாகவே ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை வகைபிரித்துச் சொன்னார். பின்னர் அமெரிக்காவில் ஹாகோப் அகிஸ்கலும் அவர் குழுவினரும் இதை அளக்க 110 கேள்விகள் கொண்ட ‘டெம்ப்ஸ்-ஏ’ படிவத்தை உருவாக்கினார்கள். அதில் ஐந்து வகை உண்டு: வாட்டமானவர், மனம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர், சிடுசிடுப்பவர், ஓயாமல் கவலைப்படுபவர், எந்நேரமும் உற்சாகமாக ஓடுபவர்.

முதல் நான்கு வகையினரில் பலர் சின்ன விஷயத்துக்கும் சட்டென்று கலங்கிவிடுவார்கள். மனச்சோர்வு அறிகுறிகளும் இவர்களிடம் பொதுவாகக் கூடுதல். ஐந்தாவது வகையினர் நாலு பேரோடு கலகலப்பாகப் பழகுவார்கள், அறிகுறிகள் குறைவு. ஆனாலும் சுபாவம் தலையெழுத்து ஆகிவிடாது. வாட்டமான சுபாவத்தோடு குடும்பம், வேலை எல்லாவற்றையும் குறையில்லாமல் நடத்துபவர்கள் ஏராளம். கலகலப்பானவர்களுக்கும் மனச்சோர்வு வரும்.

சரி, எப்படிப் பிரித்தறிவது?

முதலில், உங்களைப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடாமல், போன வருடம் இருந்த உங்களோடு ஒப்பிடுங்கள். தூக்கம், பசி, கவனம், தெம்பு, பிடித்த வேலைகளில் ஆர்வம் ஆகியவை மாறியிருக்கின்றனவா? சோகமோ ஆர்வமின்மையோ மற்ற மாற்றங்களோடு சேர்ந்து 2 வாரம், அநேகமாக எல்லா நாளும் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சோர்ந்திருக்கும்போது உங்கள் குணத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்த நேரத்தில் சுபாவப் படிவத்தை நிரப்பினால் பதில்கள்கூட இருட்டுப் பக்கமே சாயும். ‘நான் பிறவியிலேயே இப்படி’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், குணமான பிறகு “நானா அப்படிச் சொன்னேன்?” என்று கேட்பார்கள். வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற முடிவுகளை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது, மருத்துவரிடம் இறக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள். தூக்கமே தேவைப்படாமல், பணத்தை வாரி இறைத்து, படபடவென்று பேசிய நாட்கள் இருந்திருந்தால் அவசியம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் மறுபக்கம் தாவிவிடக்கூடும். மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுப்பதே மாறும்.

நான்காவது, உங்களை வெகுநாளாக அறிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் பழைய நாட்களுக்கு அவர்தான் சாட்சி. தைராய்டு குறைபாடும் சோர்வைப் போலவே தோன்றும் என்பதால், ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘அவன் குணமே அதுதான்’ என்று சொல்லும் முன், அவர் விரும்பிச் செய்துவந்த எது நின்றுபோயிருக்கிறது என்று பாருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் 2 வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்; தமிழிலேயே பேசலாம்.