வெண்விளிம்புச் சாலை

நுழையும்முன்

வறண்ட நிலத்தின் கடினமான வழியைச் 'சுரம்' என்றும், மலையின் பிளவை 'விடர்' என்றும் பழந்தமிழர் வழங்கினர். சுரமும் விடரும் நிறைந்த நிலப்பகுதி ஒன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ளது. அங்கு மோட்டார் சைக்கிளில் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஆறுகள் செதுக்கிய நிலம்

கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா 1964 ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் அப்பூங்காவினுள் ஒன்று கூடுகின்றன. அவ்விரண்டுக்கும் இடையே உயர்ந்து நிற்கும் மேட்டுநிலத்திற்கு 'வானத்துத் தீவு' என்னும் பொருள்படும் பெயரை இட்டுள்ளனர். அதன் விளிம்பில் நின்று நோக்கினால், முந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், படிக்கட்டின் ஒரு படி போல அகன்ற தட்டுநிலம் தெரியும். அதன் ஓரமெங்கும் வெண்ணிற மணற்பாறை கரை கட்டியது போல் வளைந்து செல்கிறது. அதற்கும் கீழே, மேலும் ஏறத்தாழ முந்நூறு மீட்டர் ஆழத்தில் ஆறுகள் ஓடுகின்றன.

இந்த வெண்பாறை கடினமானது. அதனடியில் உள்ள செந்நிறப் பாறையோ மென்மையானது. மழைநீர் அடிப்பாறையை அரித்துச் செல்ல, மேற்பாறை வீட்டுக் கூரையின் இறவாரம் போல வெளியே நீட்டி நிற்கிறது. ஆந்திரத்தின் கண்டிக்கோட்டையில் பெண்ணாறு செதுக்கிய செங்குத்துப் பள்ளத்தாக்கைக் கண்டவர்களுக்கு இக்காட்சி ஓரளவு விளங்கும். எனினும் அளவில் இது பன்மடங்கு பெரிது.

அத்தட்டுநிலத்தின் மீது மேட்டைச் சுற்றிச் செல்வதே 'வொயிட் ரிம்' எனப்படும் வெண்விளிம்புச் சாலை. முழுச் சுற்றின் நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இதில் தார் இல்லை. பாறையும் மணலும் புழுதியுமே உண்டு. 1950களில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் யுரேனியம் தேடுவோருக்காக இவ்வழியை அமைத்தது. கிடைத்த யுரேனியம் சொற்பமே. தேடி வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். சாலை மட்டும் எஞ்சியது. மேட்டிலிருந்து தட்டுநிலத்திற்கு இறங்கும் ஷேஃபர் வழியின் வரலாறு இன்னும் பழையது. முதலில் அத்தொல்குடி மக்களும், பின்னர் மாடு மேய்ப்போரும் ஏறி இறங்கிய தடம் அது. யுரேனிய லாரிகளுக்காகவே அது பின்னாளில் அகலப்படுத்தப்பட்டது.

இருநிலத்திற்கும் ஏற்ற வண்டி

இச்சாலையில் பதிவெண் பெற்ற, பொதுச்சாலையில் ஓட்டத் தகுதியுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டுமே இடமுண்டு. பந்தயத்திடலில் ஓடும் விளக்கில்லாத வண்டிகளைக் கொண்டு வர இயலாது. நாள்தோறும் செல்வோர் அனைவரும் முன்னதாகவே அனுமதிச்சீட்டும் பெற வேண்டும். ஆகவே இங்கு வருவோர் பெரும்பாலும் 'டூயல் ஸ்போர்ட்' என்னும் வகை வண்டியையே தேர்ந்தெடுக்கின்றனர். முகப்புவிளக்கு, கண்ணாடி, பதிவெண் பலகை ஆகியவற்றால் அது நகரச்சாலைக்கு உரியது. உயர்ந்த அடிப்பாகம், நீண்ட அதிர்வுதாங்கி, கட்டை கட்டையாக வெட்டப்பட்ட டயர் ஆகியவற்றால் அது காட்டுவழிக்கும் உரியது. 1968 ஆம் ஆண்டு வெளிவந்த யமஹா டிடி-1 என்னும் வண்டி இவ்வகையைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. இந்தியத் தெருக்களில் காணப்படும் ஹீரோ எக்ஸ்பல்ஸும், சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் இதற்கு நெருங்கிய உறவினவே. அவற்றின் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடப் பெரிதாக இருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். பெரிய சக்கரம் கல்லின் மீது எளிதில் ஏறிவிடும். சிறிய சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். காரணம் அவ்வளவே.

ஓட்டும் முறை

கரடுமுரடான வழியில் ஓட்டுநர் இருக்கையில் அமர்வதில்லை. கால்மிதிகளின் மீது எழுந்து நிற்கிறார். அமர்ந்திருந்தால் ஒவ்வொரு குலுக்கலும் முதுகெலும்பைத் தாக்கும். நின்றால் முழங்கால்களே அதிர்வுதாங்கிகளாகின்றன. வண்டி கீழே ஆடினாலும் உடல் நிலையாக இருக்கும். பார்வை சக்கரத்திற்கு முன்னே உள்ள கல்லின் மீது பதியக்கூடாது. கண் எங்குச் செல்கிறதோ வண்டியும் அங்கேயே செல்லும் என்பது அனுபவமுள்ளோர் அனைவரும் ஒப்பும் உண்மை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுபவர் பள்ளத்திற்கே போய்ச் சேர்வார்.

மணல்தான் புதியவர்களைப் பெரிதும் அஞ்சவைப்பது. ஆழ்ந்த மணலில் முன்சக்கரம் இடமும் வலமும் தள்ளாடும். அஞ்சியவர் உடனே ஆக்சிலரேட்டரைக் குறைத்து முன்பிரேக்கைப் பிடிக்கிறார். அப்பொழுது எடை முழுவதும் முன்னே சாய, சக்கரம் மணலில் புதைந்து வண்டி விழுகிறது. இங்கு மனம் சொல்வதற்கு நேர்மாறானதே சரி. உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, பிடியைத் தளர்த்தி, வேகத்தைச் சீராகக் காத்து, தொலைவில் நோக்கியபடி செல்ல வேண்டும். டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்தால் அது அகன்று மணலின் மீது பரவும்; பிடிப்பும் மிகும். ஆனால் மிகையாகக் குறைத்தால், கூரிய கல்லில் மோதும்போது உள்டியூப் சக்கரவளையத்துக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிக் கிழிந்துவிடும்.

ஷேஃபர் வழியின் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போது முதல் கியரில் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். தளர்ந்த சரளையின் மீது பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுழல்வது நின்று சறுக்கும். 'மர்ஃபி ஹாக்பேக்', 'ஹார்ட்ஸ்கிராபிள்' என்னும் ஏற்றங்களிலோ இடையில் நின்றுவிடுவதே இடர். நின்ற வண்டியைச் செங்குத்தில் மீண்டும் கிளப்புவது அரிது. விழுந்தால், சுமையின்றியே நூற்றைம்பது கிலோ எடையுள்ள வண்டியைத் தூக்க வேண்டும். அப்பொழுது கைகளால் இழுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு முதுகைக் காட்டி, கைப்பிடியையும் சட்டத்தையும் பற்றி, கால்களின் வலிமையால் பின்னோக்கி அடி வைத்து நிமிர்த்துவதே முறை.

தண்ணீரும் பெட்ரோலும்

இச்சாலையில் எங்கும் குடிநீர் கிடையாது, கடை கிடையாது, பெட்ரோல் நிலையம் கிடையாது. கீழே ஆறுகள் மின்னுவது தெரிந்தாலும் பெரும்பாலான இடங்களில் அவற்றை அடைய வழியில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் நீர் வேண்டும். தலைக்கவசமும் காப்புடையும் அணிந்து வெயிலில் வண்டியோடு போராடுபவருக்கு அதுவும் போதாமல் போகலாம்.

பெட்ரோல் கணக்கு இன்னும் நுட்பமானது. பலர் ஷேஃபர் வழியில் இறங்கி, கிரீன் ஆற்றின் கரையில் உள்ள மினரல் பாட்டம் வழியே மேலேறுகின்றனர். வேனிற்காலத்தின் தொடக்கத்தில் தொலைதூர மலைகளின் பனி உருகும்போது அந்த ஆறு பெருகி, சாலையின் இறுதிப் பகுதியை மூழ்கடிப்பதுண்டு. அந்நிலையில் வந்த வழியே திரும்புவதன்றி வேறு வழியில்லை. அருகிலுள்ள நகரமான மோவாபிலிருந்து பூங்காவின் மேட்டுக்கு 50 கிலோமீட்டர். தட்டுநிலத்தில் 100 கிலோமீட்டர் சென்றபின் வெள்ளம் மறித்ததாகக் கொள்வோம். திரும்ப 100, மீண்டும் நகருக்கு 50. ஆக மொத்தம் 300 கிலோமீட்டர். பத்து லிட்டர் கொள்ளும் தொட்டியும், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் வண்டியும் உடையவர் 200 கிலோமீட்டரில் நின்றுவிடுவார். மேலும் ஐந்து லிட்டரைத் தனிக் கலத்தில் சுமந்து செல்பவரே ஊர் திரும்புவார். நின்றுபோன வண்டியை மீட்க ஆயிரம் டாலருக்கு மேல் செலவாகும். அதனினும் பெரிது, நிழலற்ற இடத்தில் நீரின்றிக் காத்திருக்கும் நேரம்.

கோடையின் பிற்பகுதியில் வேறோர் ஆபத்து வருகிறது. எங்கோ பெய்த மழை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே, வறண்ட ஓடைகளில் வெள்ளமாகப் பாய்ந்து வரும். 2010 ஆகஸ்டில் பெய்த பெருமழை மினரல் பாட்டம் ஏற்றத்தின் வளைவுகளையே அடித்துச் சென்றது; 2011 இல்தான் அவ்வழி மீண்டும் திறக்கப்பட்டது.

தனியே செல்வோர் எங்குச் செல்கின்றனர், எப்பொழுது திரும்புவர் என்பதை ஒருவரிடமேனும் சொல்லிச் செல்ல வேண்டும். 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்னும் இளைஞர் இப்பூங்காவுக்கு மேற்கே உள்ள புளூஜான் விடரில் தனியே நடந்து சென்றார். பெரும்பாறை ஒன்று உருண்டு அவருடைய வலக்கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. அவர் சென்ற இடம் எவருக்கும் தெரியாது. ஐந்து நாள்களுக்குப் பின் தம் கையைத் தாமே அறுத்துக்கொண்டு அவர் உயிர் தப்பினார்.

உயிருள்ள மண்

சாலையின் இருமருங்கிலும் கருமை படர்ந்து, சொரசொரப்பாகத் தோன்றும் மண்ணைக் காணலாம். அது வெறும் மண்ணன்று. நுண்ணுயிர்களும் பாசிகளும் லைக்கன்களும் மணலைப் பிணைத்து உருவாக்கிய மேலோடு அது. காற்றில் மண் பறவாமல் காப்பதும், மழைநீரைப் பிடித்து வைப்பதும் அதன் பணி. ஒரு சக்கரத்தின் ஒரே ஓட்டத்தில் அது நொறுங்கிவிடும். மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும். எனவே எதிரே வரும் வண்டிக்கு வழிவிடும்போதும் சாலையை விட்டு இறங்குதல் இங்குக் குற்றமாகும். அகன்ற இடம் வரும்வரை ஒருவர் பின்னோக்கி வண்டியைத் தள்ள நேர்ந்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

சொல்லும் பொருளும்

சுரம் – வறண்ட நிலத்தின் அரிய வழி
விடர் – மலைப்பிளவு
இறவாரம் – கூரையின் வெளியே நீண்ட பகுதி
சரளை – சிறுகற்கள்
சொற்பம் – மிகக் குறைவு

பயிற்சி

1. வெண்விளிம்புச் சாலை எவருக்காக, எப்பொழுது அமைக்கப்பட்டது?

2. மணலில் ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் வண்டி விழுவது ஏன்? காரணத்தை முறைப்படுத்தி எழுதுக.

3. பிரித்து எழுதுக: செந்நிறம், வெண்பாறை, நுண்ணுயிர், பல்லாண்டு.

4. ஒருவருடைய வண்டியின் தொட்டி 13 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும். பாடத்தில் கூறியவாறு வெள்ளம் மறித்தால் அவர் நகருக்குத் திரும்ப இயலுமா? கணக்கிட்டு விடையை இரண்டு தொடர்களில் எழுதுக.

5. நீ வாழும் மாநிலத்தில் உள்ள ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.