வீட்டில் ஏர்கன்னுக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர்: லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: ராஜபாளையத்தில் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். 0.177 அளவு பிசிபி (முன்கூட்டியே காற்று அடைத்துச் சுடும்) ஏர்கன் ஒன்றை முறையாக பில் போட்டு வாங்கி, மொட்டை மாடியில் அட்டை வைத்துச் சுட்டுப் பழகுகிறேன். ஒவ்வொரு தடவையும் கைப்பம்பில் 200 பார் ஏற்றுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடுகிறது. கம்ப்ரஸர் வாங்கலாம் என்று பார்த்தால் இரண்டு வகை சொல்கிறார்கள். ஒன்று, கார் பேட்டரியில் ஓடி நேராகத் துப்பாக்கியையே நிரப்பும் சின்ன மிஷின். இன்னொன்று, வீட்டு கரண்டில் ஓடும் பெரியது, 6.8 லிட்டர் சிலிண்டரை நிரப்பி வைத்துக்கொண்டு வேண்டும்போது பிடித்துக்கொள்ளலாம். எதை வாங்குவது? போலீஸ் லைசென்ஸ் ஏதும் வேண்டுமா? அய்யனார்கோயில் பக்கம் மைத்துனருக்கு மாந்தோப்பு இருக்கிறது. கிளியும் பன்றியும் தொல்லை, துப்பாக்கியை எடுத்து வாருங்கள் என்கிறார். போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராஜபாளையம்

பதில்: கம்ப்ரஸரை வாங்கவோ வீட்டில் வைத்திருக்கவோ போலீஸ் லைசென்ஸ் தேவையில்லை. அது காற்றை அழுத்தும் இயந்திரம், அவ்வளவுதான். அது எதை நிரப்புகிறது, நிரம்பியது எங்கே போகிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. உங்கள் தேர்வும் அதை வைத்தே அமைய வேண்டும்.

முதலில் துப்பாக்கி. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் அளவு 4.5 மில்லிமீட்டருக்கு (அதாவது 0.177 அங்குலம்) மேற்படாமலும், குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்கும் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே பொருந்த வேண்டும். 0.22 என்றால் ஆற்றல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும்.

உங்களுடையது 0.177தான். ஆனால் பிசிபியில் ஒரு வில்லங்கம் உண்டு. சுத்தியல் ஸ்பிரிங்கை இறுக்கினாலும் ரெகுலேட்டரைக் கூட்டினாலும் அதே துப்பாக்கி 20 ஜூலைத் தாண்டிவிடும். பெல்லட்டின் எடை கிராமில், வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, எடையால் பெருக்கி, 2000ஆல் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 0.54 கிராம் பெல்லட் 270 மீட்டர் வேகத்தில் போனால் 19.7 ஜூல், எல்லைக்குள் இருக்கிறீர்கள். கனமான 0.67 கிராம் பெல்லட்டைப் போட்டு அது 250 மீட்டரில் போனாலே 20.9. துப்பாக்கி அதேதான், பெல்லட் டப்பா மட்டும் மாறியது. நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிட்டீர்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு சிறை, கூடியது 5 ஆண்டு. கம்ப்ரஸர் வந்துவிட்டால் காற்றுக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் கூட்டித்தான் பார்ப்போமே என்று கை துருதுருக்கும். ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் ஒருமுறை சுட்டுப் பார்த்து, அந்த அளவைத் தேதியோடு எழுதி பில்லோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்தது சிலிண்டர். பெரிய மிஷின் வாங்குகிறவர்கள் சட்டத்தில் தடுக்கி விழும் இடம் இதுதான். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த வாயு சிலிண்டர் விதிகள், 500 மில்லி லிட்டருக்கு மேல் 1000 லிட்டர் வரை கொள்ளளவுள்ள, அழுத்த வாயுவை வைக்கும் உலோகக் கலனை ‘கேஸ் சிலிண்டர்’ என்கின்றன. எரியாத வெறும் காற்றுதானே என்ற வாதம் நிற்காது. அழுத்தி அடைத்த காற்றும் அந்த விதிகளின் பார்வையில் வாயுதான். உங்கள் துப்பாக்கியில் குழலுக்குக் கீழே இருக்கும் காற்றுக்குழாய் பெரும்பாலும் 500 மில்லிக்குள் அடங்கிவிடும். அதனால் இந்த வரையறைக்குள் வராது. 6.8 லிட்டர் சிலிண்டர் வந்துவிடும். அந்த சிலிண்டர் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் பெற்ற வகையாக இருக்க வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை முடித்து, அந்தத் தேதி கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரப்புவதற்கு உரிமம் வேண்டும். நிரப்பிய காற்று சிலிண்டர் ஒன்றை வைத்திருப்பதில் சிக்கல் குறைவு. அதை வீட்டிலேயே நிரப்புவதுதான் சிக்கல். பட்டாசு ஊர் என்பதால் சிவகாசியிலேயே பெசோவுக்கு அலுவலகம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள்.

ஆகவே என் யோசனை, நேராகத் துப்பாக்கியை நிரப்பும் சின்ன மிஷின். சிலிண்டர் ஆசையை விடுங்கள்.

அதை வாங்கும்போதும் கவனம் வேண்டும். கார் டயரில் இருப்பது 30, 35 பிஎஸ்ஐ. இந்த மிஷின்கள் ஏற்றுவது 300 பார், அதாவது 4,300 பிஎஸ்ஐக்கு மேல். குறித்த அழுத்தம் வந்ததும் தானாக நிற்கும் அமைப்பும், அதுவும் பழுதானால் முதலில் கிழிந்து காற்றை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடும் இல்லாத மிஷினை வாங்காதீர்கள். துப்பாக்கியில் 200 பார் என்று பொறித்திருந்தால் 200இல் நிறுத்துங்கள். மிஷினால் 300 முடியும் என்பது அதை மீறக் காரணம் ஆகாது. அழுத்தும்போது காற்றிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரியும். அதை அவ்வப்போது வடித்துவிடாவிட்டால் துப்பாக்கிக்குள் போய் உட்புறத்தைத் துரு அரிக்கும். ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் சாதாரண ஆயிலையோ கிரீஸையோ உயர் அழுத்தப் பக்கம் தடவாதீர்கள். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் அது தீப்பிடிக்கும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய் மட்டுமே. வெல்டிங் கடை ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அது ஆளைக் கொல்லும்.

இதில் அலட்சியமாக இருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காயம் பட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 125ஆவது பிரிவில் வழக்கு வரும்; கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை சிறை. மாடியில் சுடுவதற்கும் இதே பிரிவு பொருந்தும். அட்டைக்குப் பின்னால் பெல்லட் தாண்டாத தடுப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். மிஷின் பழுதானால் 2 ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. இன்னொன்று: நண்பர்களின் துப்பாக்கிக்குக் காசு வாங்கி நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தால் அது வீட்டு உபயோகம் இல்லை. வீட்டு இணைப்பில் தொழில் செய்ததாக 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் கேட்பார்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஊரில் இருப்பவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, சரணாலயத்துக்கு உள்ளேயோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளேயோ குடியிருந்து ஆயுதம் வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. லைசென்ஸ் உள்ளவர்கள் மட்டுமல்ல, ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று வைத்திருப்பவர்களும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்றதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இதைப் படிப்பதே இல்லை. சரணாலயம் அறிவித்த 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றுதான் வாசகம் இருக்கிறது. பிற்காலத்தில் வாங்குகிறவரைப் பற்றி அது நேராகப் பேசவில்லை. அதை வைத்து நீதிமன்றத்தில் வாதாட முடியும். ஆனால் வழக்கு வந்த பிறகு வாதாடுவதை விட, உங்கள் வீடு அந்த 10 கிலோமீட்டருக்குள் வந்தால், இப்போதே ஸ்ரீவில்லிபுத்தூர் வன அலுவலகத்தில் துப்பாக்கியின் பில் நகலோடு மனு கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுவது நல்லது.

மைத்துனரின் தோப்புக்குத் துப்பாக்கியோடு போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. விலங்கைக் காயப்படுத்தவோ கொல்லவோ முடிகிற எந்தக் கருவியும் வன உயிரினச் சட்டத்தில் ஆயுதம்தான். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழைவதே 31ஆவது பிரிவில் குற்றம். பையில் பெல்லட் இல்லை, சும்மா கொண்டு வந்தேன் என்று செக்போஸ்ட்டில் சொல்லித் தப்ப முடியாது. தோப்பு பட்டா நிலமாகவே இருந்தாலும் அங்கே வந்து உட்காரும் பச்சைக்கிளி பட்டா நிலத்துக் கிளி ஆகிவிடாது. கிளியும் காட்டுப்பன்றியும் இரண்டாம் அட்டவணையில் உள்ளவை; மயிலும் சாம்பல் நிற அணிலும் முதல் அட்டவணை. முதல் அட்டவணை உயிரைச் சுட்டால் 3 முதல் 7 ஆண்டு சிறை. மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. குறி தவறினாலும் வேட்டை முயற்சி வேட்டையேதான். காகம், பழந்தின்னி வௌவால், எலி ஆகியவற்றைத் தொல்லை உயிர்கள் என்று வைத்திருந்த பழைய அட்டவணையும் 2022 திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. துப்பாக்கியும் போன வண்டியும் பறிமுதலாகும். கூப்பிட்ட மைத்துனரும் உடன் குற்றவாளியாவார்.

மலையிலிருந்து இறங்கி வந்து மாமரத்தில் உட்காரும் உயிர்கள் இருப்பதால்தான் அது இன்னும் மலையாக இருக்கிறது. அதே சமயம் உங்கள் மைத்துனரின் நஷ்டமும் பொய்யில்லை. பன்றியைப் பொறுத்தவரை 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றைச் சுட வழி உண்டு. ஆனால் சுடுவது வனத்துறையினர், விவசாயி அல்ல. அடிவாரத் தோப்புக்கு அதுவும் பொருந்தாது. சேதமான இடத்தை அன்றைக்கே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, வனச்சரகர் அலுவலகத்தில் பயிர்ச் சேத இழப்பீட்டுக்கு மனு கொடுக்கச் சொல்லுங்கள். நாள் தள்ளினால் கால் தடம் அழிந்துவிடும், பார்க்க வருகிற வனவருக்கும் எழுத ஒன்றும் இருக்காது. கிளிக்கு, காய் முற்றும் வாரங்களில் தாழ்ந்த கிளைகளுக்கு வலை போடலாம். பறவை சிக்கி இறக்காதபடி இழுத்துக் கட்டிய சின்னக் கண் வலையாக இருக்கட்டும்.