கிளைவழித் தழைக்கும் தலமரம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்குவது திருக்கோயிலுக்குப் பெருமை என்பர் ஆன்றோர். அம்மூன்றனோடு நான்காவதாக வைத்துப் போற்றத்தக்கது தலமரம். திருமயிலையில் புன்னையும், திருமறைக்காட்டில் வன்னியும், திருக்குற்றாலத்தில் குறும்பலாவும், திருவானைக்காவில் வெண்ணாவலும் தலமரங்களாக விளங்குகின்றன. திருவாலங்காடு, திருவரசிலி முதலிய ஊர்கள் ஆலும் அரசுமாகிய மரங்களாலேயே பெயர் பெற்றன.

கல்லால் ஆகிய கோபுரம் பழுதுற்றால் திருப்பணி செய்து புதுப்பிக்கலாம். உயிருள்ள மரமோ முற்றும் பட்டபின் எத்திருப்பணியாலும் தளிர்ப்பதில்லை. மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் பழங்கடம்பின் பட்ட அடிமரம் இன்றும் போற்றிக் காக்கப்பெறுகிறது. அதனைக் கண்டு வணங்கும் அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரத்திற்குச் செய்யும் தொண்டு அது பசுமையாய் நிற்குங்காலத்திலேயே செய்யத்தக்கது என்பதே அது.

மகவும் மறுபிறப்பும்

மரம் பெருகும் வழிகள் இரண்டு. ஒன்று விதை, மற்றொன்று கிளை. விதையில் முளைத்த கன்று தாய்மரத்தின் மகவு போன்றது. அது தாயை ஒத்தும் இருக்கலாம். சிறிது வேறுபட்டும் இருக்கலாம். கிளையை நட்டு வேர்விடச் செய்த கன்றோ தாய்மரத்தின் உடலிலிருந்து பிரிந்த பகுதியேயாகும். இலையின் வடிவும், கனியின் சுவையும், காய்க்கும் இயல்பும் தாய்மரத்தில் இருந்தவாறே அதன்பால் அமையும். அவ்வாறு நடும் கிளையைப் ‘போத்து’ என்பது உழவர் வழக்கு.

கிளைவழி மரம் நெடுங்காலம் வாழும் என்பதற்கு ஈழத்து அநுராதபுரத்து அரசமரம் தக்க சான்றாகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தியின் மகள் சங்கமித்திரை, புத்தகயையில் இருந்த போதிமரத்தின் கிளையைக் கொணர, தேவநம்பிய தீசன் என்னும் அரசன் அதனை வரவேற்று நட்டான் என்று மகாவம்சம் கூறுகிறது. புத்தகயையில் நின்ற பழைய மரம் 1876இல் சாய்ந்தது. 1881இல் தொல்லியல் அறிஞர் கன்னிங்காம் அவ்விடத்தே புதிய கன்றினை நட்டார். கடல் கடந்து சென்ற கிளையின் வழிவந்த மரமோ அநுராதபுரத்தில் இன்றும் வழிபடப்பெறுகிறது. மரம் நன்னிலையில் இருந்தபோதே கிளையைப் பிரித்து வேறிடத்தில் நட்டமையால் விளைந்த பயன் இது.

போத்தில் வளரும் மரங்கள்

எல்லா மரமும் கிளையினின்று எளிதில் வேர்விடா. ஆல், அத்தி, பூவரசு, முருங்கை, கல்யாண முருங்கை, கிளுவை, ஒதியன், நொச்சி ஆகியன எளிதில் வேர்கொள்ளும். அரசும் வேர்கொள்ளும், ஆயினும் ஆலைக் காட்டிலும் சிறிது அருமையுடைத்து. வில்வம், வன்னி, புன்னை, இலுப்பை, கொன்றை ஆகியவற்றை விதையிலிருந்து வளர்ப்பதே எளிது. மாமரத்திற்கு ஒட்டுக்கட்டுதலே ஏற்ற முறை.

நடும் முறை

மரம் புதுத்தளிர் விடுதற்குச் சற்று முன்னும், மழைக்காலத் தொடக்கமும் ஏற்ற பருவங்களாம். நோயற்ற மரத்தில், மிக இளையதும் மிக முற்றியதும் அல்லாத கிளையைத் தேர்ந்து, கட்டைவிரற் பருமனில், ஒரு சாண் நீளத்திற்கு, காலை வேளையில் கூரிய கத்தியால் நறுக்குதல் வேண்டும். அடிப்பக்கத்தைக் கணுவிற்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டினால், தலைகீழாக நட்டுவிடும் பிழை நேராது. இலைகளைக் களைந்துவிடல் வேண்டும். இலை மிகுந்தால் போத்திலுள்ள ஈரம் விரைவில் வற்றிவிடும்.

ஆல், அத்தி, அரசு ஆகிய பால்மரங்களின் வெட்டுவாயில் வடியும் பாலைக் கழுவி உலர விட்டபின் நடுக. ஆற்றுமணல், செம்மண், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து, நீர் வடியும் துளையுள்ள தொட்டியில் இட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுள் அமையுமாறு ஊன்றிச் சுற்றிலும் மண்ணை அழுத்துக. மேல்நுனியில் பசுஞ்சாணத்தையோ களிமண்ணையோ அப்பி வைப்பது வாடாமற் காக்கும். தொட்டி நிழலில் இருத்தல் வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கலாம்; நீர் தேங்குதல் ஆகாது.

இவ்விடத்தேதான் பலரும் தவறுவர். சில நாளில் தளிர் தோன்றியதும் வேர் விட்டதென்று மகிழ்ந்து பெயர்த்து நடுவர், போத்தும் வாடிவிடும். முதற்றளிர் போத்தினுள் சேமித்திருந்த உணவால் விளைவது. அது வேருக்குச் சான்று ஆகாது. தளிர் இலையாகி நிலைத்து, மெல்ல இழுத்தால் அசையாது நிற்கும் வரை, இரண்டு திங்களேனும் பொறுத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பொலிவை விடக் காணாத வேரே நிலைபேற்றிற்குக் காரணம். வழிபாட்டிற்கும் இது பொருந்தும்.

நினைவிற் கொள்ளத்தக்கன

திருக்கோயில் மரத்தில் தாமாகக் கிளை ஒடித்தல் அறமன்று. புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியர் வகுத்தார். கோயில் நிர்வாகத்தாரின் இசைவுடன், கழித்துவிடும் கிளைகளையும் காற்றில் முறிந்த பசுங்கிளைகளையும் பெற்றுக்கொள்ளலாம்.

ஆலையும் அரசையும் வீட்டுச் சுவரருகிலோ மதிலருகிலோ நடுதல் கூடாது. அவற்றின் வேர் கட்டடத்தைப் பிளக்கும். தொட்டியில் வளர்த்து, ஊருணிக்கரையிலோ பொதுவிடத்திலோ உரியவர் இசைவுடன் நடுவதே முறை. மேலும், ஒரே மரத்தின் போத்துகள் அனைத்தும் ஒரே இயல்பின. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். ஆதலின் விதைக்கன்றுகளையும் உடன் வளர்த்தல் நலம்.

நந்தவனம் அமைத்தலும் திருக்குளம் தூர்வாருதலும் போலத் தலமரத்தைப் பேணுதலும் சிவபுண்ணியமே. இன்று ஊன்றும் ஒரு சாண் கிளை, நாளை வழிபட வருவோர்க்கு நிழலாகும். பட்டபின் வருந்துவதினும் பசுமையுள்ளபோதே ஒரு போத்து ஊன்றுதல் நன்று. அத்தொண்டில் ஈடுபடுவோர்க்கு இறைவன் திருவருள் துணை நிற்பதாக.