அப்பாவோட இடுப்பையும் அள, தங்கச்சி!

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் கேன்சர்னு தெரிஞ்ச மறுநாளே வீடு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடும். “உடம்பு தேறணும்”னு பாதாம் பாலும் ஆற்காடு மக்கன் பேடாவுமா குவிக்கிறது ஒரு கட்சி. கஞ்சியோட நிறுத்திப் பத்தியம் போடுறது இன்னொண்ணு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் முதல் கட்சிக்குத்தான் ஆள் பலம். நீ ரெண்டுலயும் சேராதே.

உடம்பு பெருத்த ஆம்பிளைங்க இந்த கேன்சர்ல சாகுறது கூடுதல்னு 2003-ல ஒரு அமெரிக்க ஆய்வு காட்டுச்சு. 9 லட்சம் பேரை 16 வருஷம் கவனிச்ச கணக்கு அது. ஆனா அவங்க எடை பார்த்தது நோய் வர்றதுக்கு முன்னாடி. அதை நம்பி இப்போ அப்பாவைப் பட்டினி போட்றாதே.

சிகிச்சை ஆரம்பிச்ச பிறகு கவனிக்க வேண்டியது வேற. ஆண் ஹார்மோன் இந்த கேன்சரை வளர்க்குதுன்னு 1941-ல சிகாகோ டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அதனாலதான் ஊசி போட்டோ, விதைகளை எடுத்தோ அந்த ஹார்மோனை அடக்குறாங்க. தசையையும் எலும்பையும் தாங்குறது அதே ஹார்மோன்தானே! அது இறங்கினா கை, தொடை மெலியும், தொப்பை ஏறும், சர்க்கரையும் கூடலாம். எடை மெஷின் மட்டும் பழைய 70 கிலோவையே காட்டிக்கிட்டிருக்கும். லுங்கி முடிச்சுதான் உண்மையைச் சொல்லும்.

அதனால மாசம் ஒரு தடவை இன்ச் டேப்பை எடு. ஷூ கம்பெனி வேலைக்காரங்க வீட்ல அதுக்கா பஞ்சம்? சட்டைக்கு மேல வேண்டாம். மூச்சை விட்ட பிறகு, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல அள. நம்ம ஊர் ஆம்பிளைங்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. கையை ஊன்றாம நாற்காலியை விட்டு எழ முடியுதான்னும் பாரு.

பிரியாணியை அடியோட நிறுத்தாதே, சண்டைக்கு வருவார். சீரகச் சம்பா சோறு பாதியா இருக்கட்டும், கறித்துண்டு அவருக்கே போகட்டும், கத்திரிக்காய்த் தொக்குல எண்ணெயை வடிச்சிடு. மத்த நாள்ல முட்டை, சுண்டல், மீன். கிட்னிக் கோளாறு இருந்தா எவ்வளவு புரதம்னு டாக்டரைக் கேட்டுக்கோ.

நடை மட்டும் தசையைக் காப்பாத்தாது. நாற்காலியில உட்கார்ந்து எழுறது, தண்ணி பாட்டிலைத் தூக்குறது மாதிரி ஏதாவது சேர்க்கணும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தா டாக்டர் சொல்லாம எதையும் தூக்க விடாதே.

முயற்சியே இல்லாம ஆறு மாசத்துல மூணரைக் கிலோ இறங்கினா, “தொப்பை கரைஞ்சுது”ன்னு சந்தோஷப்படாதே. எடை, இடுப்பு ரெண்டையும் தேதியோட ஃபைல்ல எழுதி வை. அடுத்த தடவை காட்பாடியில இறங்கி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போறப்போ டாக்டர்கிட்ட நீட்டு.

அப்படியே நம்ம குண்டுத் தம்பியையும் விட்டுடாதே. அப்பாவுக்கு வந்தா பிள்ளைக்கும் வாய்ப்பு கூடுதல். பெருத்த உடம்புல ரத்தத்தோட அளவு அதிகம்கிறதால ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையில பார்க்குற பி.எஸ்.ஏ. நீர்த்துப்போய்க் குறைவாத் தெரியலாம். 45 வயசானதும் டாக்டரைப் பார்க்கச் சொல்லு, தன் எடையையும் மறைக்காமச் சொல்லச் சொல்லு.