ஷிப்பிங் ஆபீஸிலிருந்து சினிமாவுக்கு

தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸிலோ கன்டெய்னர் யார்டிலோ வேலை. மனசு முழுக்கத் திரைக்கதை. இது நீங்கள்தான் என்றால், வேலையை உதறிவிட்டு வடபழனிக்குக் கிளம்புமுன் ஜோ டி குரூஸின் கேரியரைப் பாருங்கள். உவரிக் கடற்கரையில் பிறந்தவர். பிழைப்பு ஷிப்பிங் துறையில். அந்த வேலையில் இருந்தபடியே 2004இல் ‘ஆழி சூழ் உலகு’, 2009இல் ‘கொற்கை’ என்று இரண்டு தடித்த நாவல்களைக் கொண்டுவந்தார். 2013இல் பரத் பாலா இயக்கிய ‘மரியான்’ படத்துக்கு வசனம். அதே வருஷம் ‘கொற்கை’க்கு சாகித்திய அகாடமி விருது.

1. போட்டி இல்லாத இடத்தில் நில்லுங்கள். காதல் வசனம் எழுதக் கோடம்பாக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஆள். ‘மரியான்’ மாதிரி தனுஷ் மீனவராக வரும் படத்துக்குக் கரைப் பேச்சு எழுத எத்தனை பேர்? வாடைக் காற்றுக்கும் கொண்டல் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் கையில்தான் அந்தப் பேனா போகும். நீங்கள் தினமும் அலுத்துக்கொள்ளும் துறைமுகமே உங்கள் ஸ்பெஷலைசேஷன்.

2. காதைத் தீட்டுங்கள். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். முத்துக்குளிப்பு கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் மூழ்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கரையில் ஒன்று சொல்வார்கள்: மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். ஏன்? கை அசந்தால் தாலி அறுவது அவனுடைய கூடப்பிறந்தவளுக்கு. வள்ளத்தில் ஒருவன், தண்ணீருக்குள் ஒருவன், நடுவில் ஒரு கயிறு. வசனமே தேவைப்படாத சீன் இது. இந்த மாதிரி பத்து சீன் நோட்டில் இருந்தால் எந்த டைரக்டரும் இரண்டாவது மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்.

3. அசிஸ்டென்ட் ரூட்டும் உண்டு. அதற்குப் பொறுமை வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் புளியங்குளத்துக்காரரான மாரி செல்வராஜ் இயக்குநர் ராமிடம் பல வருஷம் வேலை பார்த்தார். இடையில் சிறுகதை, ஆனந்த விகடனில் ‘மறக்கவே நினைக்கிறேன்’ தொடர். அதன் பிறகுதான் 2018இல் ‘பரியேறும் பெருமாள்’. சின்ன வயதில் வாழைத்தார் சுமந்த அனுபவத்தை 2024இல்தான் ‘வாழை’யாக எடுத்தார். முதல் வாய்ப்பிலேயே கையிருப்பு எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம்.

4. பேப்பர் சுத்தமாக இருக்கட்டும். ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் கைக்கு வராமல் சரக்கை ரிலீஸ் பண்ணுவீர்களா? கதைக்கும் அதே ரூல். தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதியாமல் கதையை வெளியே சொல்லாதீர்கள். 2018இல் ‘சர்கார்’ கதைத் தகராறில், சங்கத்தில் முன்பே பதிந்து வைத்திருந்த ஓர் எழுத்தாளருக்குப் படத்தில் அங்கீகாரம் கொடுக்க ஒப்புக்கொண்டுதான் சமரசம் ஆனது. டிஸ்கஷனுக்குக் கூப்பிட்டால் போங்கள்; டீக்கும் வடைக்கும் கிளைமாக்ஸைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். டைட்டிலில் பெயர் எந்த இடத்தில், எப்படி வரும் என்பதை அக்ரிமென்ட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறவருக்குத்தான் பெயரும் வராது, செக்கும் வராது.

5. ஆபீஸில் வாயைத் திறக்காதீர்கள். சினிமா ஆசை தெரிந்த நிமிஷமே மேனேஜர் உங்களை புரமோஷன் லிஸ்டிலிருந்து அடித்துவிடுவார். எழுத்து வேலை விடியற்காலையில். ஷிப்ட் நேரத்தில் மேனிஃபெஸ்ட் மட்டும். இரண்டாவது படத்தின் அட்வான்ஸ் பேங்கில் ஏறும்வரை ரிசிக்னேஷன் லெட்டரை டைப் பண்ண வேண்டாம்.