முதல் இங்கிலீஷ் பாட்டு எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு

சித்தூரிலும் திருப்பதியிலும் கல்யாண ரிசப்ஷன், பழைய மாணவர் கூட்டம் என்று எங்கே போனாலும் கரோக்கி மைக் ஒன்று காத்திருக்கிறது. தமிழும் தெலுங்கும் தயங்காமல் பாடுகிற பிள்ளைகள், “ஒரு பழைய இங்கிலீஷ் பாட்டு பாடுப்பா” என்று பெரியவர் யாராவது கேட்டால் பின்வாங்குகிறார்கள். குரலில் குறையில்லை, பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் தடுமாற்றம். பல வருஷமாகப் பாடியும் பிறருக்கு டிராக் போட்டுக் கொடுத்தும் கற்றதைச் சொல்கிறேன்.

1. முதலில் சுருதி. பாட்டு உங்கள் தொண்டைக்கு வரட்டும், நீங்கள் ரெக்கார்டின் உயரத்துக்கு ஏற வேண்டாம். கரோக்கி பிறந்ததே அப்படித்தான். ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாசித்த டைசுகே இனோவே, பாடத் தெரியாத வாடிக்கையாளரின் போக்குக்கு வளைந்து கொடுத்து வாசிப்பவர். தான் கூடப் போக முடியாத ஒரு வாடிக்கையாளரின் பயணத்துக்குத் தன் வாசிப்பை டேப்பில் பதிந்து கொடுத்தார். அதிலிருந்து 1971-ல் வந்தது அவருடைய மெஷின். பெரிய பாடகர்களும் இதையேதான் செய்தார்கள். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ மெட்டு முதலில் ஈ மைனரில் இருந்தது. அதைப் பாடிய டான் ஹென்லியின் குரலுக்கு அது எட்டாததால் பி மைனருக்கு மாற்றினார்கள். நம் கணக்கில் 3 கட்டையிலிருந்து 7 கட்டை, அதாவது கீழ் ஸ்தாயியில். அவருக்கில்லாத வெட்கம் உங்களுக்கு எதற்கு? கரோக்கி ஆப்பில் ஸ்கேலை அரை அரைக் கட்டையாக இறக்கிப் பாருங்கள். உச்ச வரியை மூன்று முறை பாடியும் தொண்டை இறுகவில்லையென்றால் அதுதான் உங்கள் இடம்.

2. கனத்த குரல் உள்ள ஆண்கள் ஜிம் ரீவ்ஸ் பாட்டுகளில் தொடங்கலாம். நிதானம், கத்தல் கிடையாது, மூச்சு விட இடம் உண்டு. பெண்களுக்கு கார்பென்டர்ஸின் ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ (1973) நல்ல பாட்டு. ஆனால் கேரன் கார்பென்டரின் குரல் ஆழமானது. ஜானகியம்மா, சுசீலாம்மா பாட்டு பாடிப் பழகியவர்களுக்கு ஆரம்ப வரிகள் அடியில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை ஏற்றிக்கொள்ளுங்கள்.

3. டிராக்கை முழுசாக ஓடவிட்டுக் கேளுங்கள். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஆறரை நிமிஷம். கடைசி இரண்டு நிமிஷத்துக்கு மேல் வெறும் கிட்டார். மேடையில் மைக்கோடு சும்மா நிற்பது கஷ்டம். சுருக்கிய டிராக் தேடுங்கள்.

4. உச்சரிப்பு. நம் பக்கத்தில் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும், மெய்யில் முடியும் இங்கிலீஷ் சொல்லுக்கு ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும். ‘ரோட்’ என்பது ‘ரோடு’ ஆனால் ஒரு அசை கூடி தாளம் தவறும். அமெரிக்கக் குரலை வரவழைக்க வேண்டாம், சொல்லை அது முடிகிற இடத்தில் முடித்தால் போதும். திருப்பதியில் சிலையாக நிற்கிற எம்.எஸ். அம்மா, 1966-ல் ஐ.நா. சபையில் ராஜாஜி எழுதிய இங்கிலீஷ் பிரார்த்தனையைப் பாடினார். மெட்டு ஹேண்டல் மானுவேல். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய குரல் அந்த மேடைக்காக இன்னொரு பாஷைப் பாட்டைச் சிரத்தையாகக் கற்றுக்கொண்டது. ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் நாமும் கொடுக்கலாம்.

5. அர்த்தம் தெரியாமல் மேடை ஏறாதீர்கள். எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க் 1936-ல் மெட்ராஸில் பிறந்தவர் என்பதால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அவர்மேல் தனிப் பாசம். அவருடைய ‘ரிலீஸ் மீ’ 1967-ல் பீட்டில்ஸ் பாட்டையே பிரிட்டனில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது. அருமையான பாட்டுதான். ஆனால் காதல் தீர்ந்துவிட்டது, என்னை விட்டுவிடு என்று கேட்கிற பாட்டு அது. கல்யாண ரிசப்ஷனில் அதைப் பாடிக் கேட்டிருக்கிறேன். பெண்ணின் அப்பாவுக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். கல்யாணத்துக்கு எல்விஸின் ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ இருக்கிறது. ஏற்ற இறக்கம் அதிகமில்லாதது, புதியவர்களுக்கும் வரும்.

6. எதிரில் இருப்பவர்களின் வயதைப் பாருங்கள். எழுபதுகளில் எஸ்.வி. யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்துப் பாட்டைப் பாடுங்கள். பழைய நினைவு அவர்களுடையது, நாம் அதை எடுத்துக் கொடுக்கிறவர்கள் மட்டுமே. இதை மறந்து தனக்குப் பிடித்ததையே பாடுகிறவரைக் கூட்டம் மரியாதைக்காகத்தான் கேட்கும்.

7. ‘போஹீமியன் ராப்சடி’ இப்போது வேண்டாம்.

8. ஒரே ஒரு பாட்டைத்தான் முதலில் கற்க முடியும் என்றால் ஜான் டென்வரின் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ (1971). வெஸ்ட் வர்ஜீனியா மாநிலமே அதைத் தன் அதிகாரப்பூர்வப் பாடல்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்டு லீவுக்கு வந்தவர்கள் நம் ஒவ்வொரு விசேஷத்திலும் இருக்கிறார்கள். வீடு திரும்பும் அந்தப் பாட்டு அவர்களுக்குத் தெரியும். பல்லவி வந்ததும் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டுங்கள்.