அலி ஏன் பெர்பிக்கிடம் தோற்றார்?

போன வாரம் குரூப்பில் வந்த முகமது அலி வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருத்தர் கேட்டிருந்தார், "இவ்ளோ பெரிய ஆளு கடைசில யாரோ ஒருத்தர்கிட்ட ஏன் தோத்தார்?"னு. அதைப் பத்திதான் இன்னைக்கு.

1980 ஜனவரியில் அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். கள்ளிக்குப்பத்திலிருந்து எங்க பெரியப்பா பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்திருக்கிறார். "லேசா தொப்பை இருந்துச்சுடா, ஆனா சிரிச்சா சிங்கம்"னு இப்பவும் சொல்வார்.

அப்போது அலி ஓய்வு அறிவித்துவிட்டிருந்தார். ஆனால் அதே வருஷம் அக்டோபர் 2-ல் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸுடன் மோதினார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அவருக்கே பயிற்சியில் எதிரே நின்ற பையன். மேடையில் ஏறும்போது அலி ஒல்லியாக, இளமையாகத் தெரிந்தார். ஆனால் எடை இறங்கினதுக்கு ஒரு காரணம் தைராய்டு மாத்திரை. கூடவே பலமும் இறங்கிவிட்டது. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீயே ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். இளம் அலி கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, குத்து வரும் கடைசி நொடியில் தலையைப் பின்னால் இழுப்பார். பாடப்புத்தகப்படி அது தப்பு. அவர் வேகம் அந்தத் தப்பை மறைத்தது. கால் மெதுவானதும் கயிற்றில் சாய்ந்து குத்து வாங்கி எதிராளியைக் களைக்க வைத்தார். 1974-ல் ஃபோர்மேனிடம் அது பலித்தது. ஆனால் வாங்கின குத்து எல்லாம் உடம்பில் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. 1977-ல் ஷேவர்ஸ் ஆட்டத்துக்குப் பிறகு டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் கெடுகிறது என்ற ரிப்போர்ட்டை அலிக்கும் கூட இருந்தவர்களுக்கும் அனுப்பினார். பதிலே இல்லை. விலகிவிட்டார். கூட இருந்தவர்களின் பிழைப்பும் அலியின் கையுறையில்தானே இருந்தது! எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

1981 டிசம்பர் 11, பஹாமாஸ் தீவின் நாசாவ். எதிரில் ட்ரெவர் பெர்பிக், வயசு 27. அலிக்கு 40 ஆக ஒரு மாசம்தான் பாக்கி. ஃபோர்மேனை அடித்தபோது சுமார் 98 கிலோ இருந்தவர், அன்று 107. ஏற்பாடும் படுமோசம், ரவுண்டுக்கு அடிக்க மாட்டு மணிதான் கிடைத்ததாம். நடுவில் ஓரிரு ரவுண்டில் பழைய அலி எட்டிப் பார்த்தார். குத்து எங்கே போகணும்னு அவர் கண்ணுக்குத் தெரிகிறது, கை போய்ச் சேரும்போது பெர்பிக் அங்கே இல்லை. பத்து ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களும் பெர்பிக் பக்கம். வயசு வந்துவிட்டதை அலியே ஒத்துக்கொண்டார். 61 ஆட்டத்தில் ஐந்தாவது தோல்வி, அதுவே கடைசி ஆட்டம். 1984-ல் பார்க்கின்சன் என்று தெரிந்தது.

பெர்பிக்கையும் குறைச்சு சொல்ல முடியாது. 1986-ல் அவர் உலக சாம்பியன் ஆனார். அதே வருஷம் டைசன் இரண்டே ரவுண்டில் அவரை முடித்தார்.

இந்த நாசாவ் வீடியோவைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மூணாவது ரவுண்டிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துட்டார். அவர் இன்னும் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போகிறார். போன மாசம் விரலில் நாலு தையல். "நீ சொன்னா கேப்பாரு, நிறுத்தச் சொல்லுப்பா"ன்னு பெரியம்மா தினமும் சொல்றாங்க. நான் இன்னும் சொல்லவில்லை.